நாலாம் நம்பரும் பதினோராம் நம்பரும் என் தங்கை கல்யாணமும்

தேர்தல் காலத்தில் வீட்டில் கல்யாணம் வைக்கக்கூடாது. வைத்தாலும் வேட்பாளரை அழைக்கக்கூடாது. அழைத்தாலும் ஒருவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் ஒரே கல்யாணத்தில் மீறிய ஆள், எனக்குத் தெரிந்து கண்டி மாவட்டத்தில் நான் ஒருவன்தான்.

இப்போது மறுபடியும் தேர்தல் பேச்சு. மாகாண சபைக்காம். அறிவிப்பு வருவதற்கு முன்பே மதில்களில் முகங்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டன. அவற்றைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. வாக்குப் போடாமல் இருக்கமாட்டேன். ஆனால் யாராவது "இந்த முறை இழுபறிதான் அண்ணே" என்று ஆரம்பித்தால் தலை வலிக்கிறது. (இழுபறி இல்லாத தேர்தலை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.)

பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு பொதுத் தேர்தல். அப்போது நான் அம்பிட்டியவில் குடியிருந்துகொண்டு நாவலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தேன். இருட்டோடு ஒரு பஸ், கண்டியில் இறங்கி இன்னொரு பஸ். திரும்பி வரும்போது என் மகள் தூங்கியிருப்பாள். கண்டிக்கு இடமாற்றம் கேட்டு எழுதி எழுதிக் களைத்துப்போயிருந்தேன். மேலிடத்துக்கு ஒரு பெரிய மனிதர் தொலைபேசி எடுத்தால் போதும் என்றார்கள். அந்தப் பெரிய மனிதரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தங்கை கோமதிக்குக் கல்யாணம் கூடி வந்தது.

நம் ஊர்க் கல்யாணங்களில் தாலி கட்டி முடிந்ததும் விவாகப் பதிவாளர் மேடையிலேயே புத்தகத்தை விரிப்பார். பெண் பக்கம் ஒரு சாட்சி, மாப்பிள்ளை பக்கம் ஒரு சாட்சி. அந்தச் சாட்சிக் கதிரையில் யார் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார் என்பதை வைத்துத்தான் குடும்பத்தின் செல்வாக்கை ஊர் எடைபோடும். எங்கள் பக்கத்துக் கதிரையில் ஒரு வேட்பாளரை உட்கார வைத்தால் கல்யாணத்துக்குக் கல்யாணமும் ஆயிற்று, இடமாற்றத்துக்கு இடமாற்றமும் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன்.

முதலில் நாலாம் நம்பரைக் கேட்டேன். (எங்கள் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி என்கிற பெருக்கல் குறியைப் போட்டபின் வேட்பாளரின் விருப்பு எண்ணுக்கும் போட வேண்டும். அதனால் அவர்களுக்குப் பெயர் மறந்து நம்பரே பெயராகிவிடும்.) அவர் மகிழ்ந்துபோய், "தம்பி, உங்க தங்கச்சி என் தங்கச்சி" என்றார்.

அடுத்த வாரமே பஸ்ஸில் காற்று மாறியது. மாவட்டத்தில் எங்கள் மலையக ஆட்களின் வாக்கு எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பாராளுமன்ற ஆசனம்தான் தேறும், அதுவும் மயிரிழையில்தான், அதுவும் பதினோராம் நம்பருக்குத்தான் என்றார்கள். இருவரும் ஒரே கட்சி, ஒரே சின்னம். எதிர்க்கட்சிக்காரனையாவது தேநீருக்குக் கூப்பிடுவார்கள். ஒரே பட்டியலில் இருப்பவர்கள் முகம் கொடுத்தும் பேசமாட்டார்கள். நான் பதினோராம் நம்பரிடமும் போய் அதே கதிரையை நீட்டினேன். அவரும் மகிழ்ந்துபோனார்.

என் மனைவி சாந்தி மட்டும் கேட்டாள்.

"ரெண்டு பேரும் வந்துட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"வரமாட்டாங்க. அரசியல்வாதி சொன்ன சொல்லக் காப்பாத்தி நீ எங்கயாச்சும் பார்த்திருக்கியா?"

நாட்டுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் என் தங்கைக்குக் கிடைத்தது. இரண்டு பேருமே சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

தாலி கட்டி முடிந்த கையோடு நாலாம் நம்பர் வந்தார். மண்டபத்தில் உள்ள அத்தனை பேரையும் கும்பிட்டார். சமையல் ஆட்களையும் விடவில்லை. நான் அவரை அழைத்துப்போய்ப் பெண் பக்கத்துக் கதிரையில் உட்கார வைத்தேன். பதிவாளர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். அவருக்குப் பேராதனையில் இன்னொரு கல்யாணம் இருந்தது.

"உங்க நம்பர் சொல்லுங்க சேர்."

"நாலு!" என்று அவர் மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார். அவருடைய ஆட்கள் கைதட்டினார்கள்.

"அடையாள அட்டை நம்பர் கேட்டேன் சேர்."

அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருக்கும்போது வாசலில் பட்டாசு வெடி கேட்டது. பதினோராம் நம்பர் மாலையும் கழுத்துமாக உள்ளே வந்துகொண்டிருந்தார்.

அவர் மேடைக்கு வந்தார். கதிரையைப் பார்த்தார். அதில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது எனக்குன்னு சொன்ன கதிரைதானே?"

"தம்பி எனக்குத்தான் முதல்ல சொன்னாரு," என்றார் நாலாம் நம்பர், எழுந்திருக்காமல்.

"முதல்ல சொன்னது முக்கியமில்ல. கடைசியா என்ன சொன்னார்ங்கிறதுதான் முக்கியம்."

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை. அந்தச் சிரிப்பு வீடியோவில் பத்திரமாக இருக்கிறது. பல் வலிக்காரன் சிரிப்பு. பிறகு என் மூளையில் ஒரு யோசனை உதித்தது. (அது உதிக்காமலே இருந்திருக்கலாம்.) பதினோராம் நம்பரின் காதில் போய், "சேர், நீங்க மாப்பிள்ளை பக்கம் போட்டுருங்க" என்றேன்.

மாப்பிள்ளை பக்கத்துக் கதிரையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அந்தக் கையெழுத்துக்காகவே மடுல்கெல்லயிலிருந்து கோட்டும் டையுமாக வேன் பிடித்து வந்தவர்.

"அப்ப நான் எதுக்கு வந்தேன்? கோட்டைக் காட்டவா?" என்று அவர் எழுந்தார். அவர் எழுந்ததும் அவர் வேனில் வந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். பந்தியில் இருந்தவர்கள் இலையை மடிக்கப் பார்த்தார்கள். தாலி ஏறியாயிற்று, கையெழுத்து ஏறவில்லை. மாப்பிள்ளை ரவி மாமனுடைய கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இருங்க மாமா" என்று கெஞ்சினார். கல்யாணமாகி அரை மணிநேரம்கூட ஆகாத ஒருவரின் முகத்தில் அவ்வளவு களைப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பதிவாளர் அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு சாட்சி போதும். யாருன்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்க. இல்லாட்டி திங்கட்கிழமை பதிவுக் கந்தோருக்கு வாங்க."

கோமதி அதுவரை குனிந்த தலை நிமிரவில்லை. இப்போது நிமிர்ந்தாள்.

"அண்ணே, இது என் கல்யாணமா, உங்க தேர்தலா?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"மாமா, நீங்க உக்காருங்க. மாப்பிள்ளை பக்கம் நீங்கதான்," என்றாள் அவள், அதிபரைப் பார்த்து. பள்ளிக்கூடத்தையே ஆண்ட மனிதர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். பிறகு அவள் மண்டபத்தின் பின்பக்கம் பார்த்து, "அம்மா! மேடைக்கு வாங்க" என்று கூப்பிட்டாள்.

அப்பா போனபிறகு அம்மா எந்த நல்ல காரியத்திலும் முன்னுக்கு வந்ததில்லை. தாலி கட்டும்போதும் தூணுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். நானும் அதைச் சரி என்று விட்டிருந்தேன். கதிரைக்கு ஆள் தேடி மாவட்டம் முழுக்க அலைந்த எனக்கு, பெற்றவள் நினைவுக்கே வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"நான் எதுக்குடி அங்க? வேணாம்மா," என்றார் அம்மா.

"நீங்க வராட்டி நான் சைன் பண்ண மாட்டேன்."

அம்மா வந்தார். நாலாம் நம்பர் கதிரையை விட்டு எழுந்தார். எழுந்திருக்காமல் இருக்க அவராலும் முடியவில்லை. பதிவாளர் கேட்குமுன்பே அம்மா இடுப்புப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். மலையகத் தமிழரில் அம்மாவின் தலைமுறைக்கு இந்த நாட்டுக் குடியுரிமையே பிந்தித்தான் கிடைத்தது; அந்த அட்டை இல்லாமல் அவர் கோயிலுக்கும் போகமாட்டார். பிறகு பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகத் தன் பெயரை எழுதினார்.

கடைசி எழுத்து முடிந்ததும் புகைப்படக்காரர் முன்னுக்கு வந்தார். "இங்க பாருங்கம்மா!" என்றார். மறுகணம் நாலாம் நம்பர் அம்மாவின் வலப்பக்கமும் பதினோராம் நம்பர் இடப்பக்கமும் நின்றார்கள். இரண்டு பேரும் தாங்களே ஏற்பாடு செய்தது போலப் பெருமிதமாகச் சிரித்தார்கள். அன்று மாலையே அந்தப் படம் இருவருடைய பேஸ்புக்கிலும் வந்தது. அவருடையதில் இவர் இல்லை. இவருடையதில் அவர் இல்லை. 'ஒரு மலையகத் தாயைக் கௌரவித்தபோது' என்று இரண்டிலும் எழுதியிருந்தது.

இருவரும் தோற்றார்கள். அந்த ஒரே ஆசனமும் சொற்ப வாக்கில் வேறொரு கட்சிக்குப் போனது. எங்கள் வீட்டு வாக்குகளை நான் மற்றவருக்குத் திருப்பிவிட்டேன் என்று இன்றுவரை இருவரும் நம்புகிறார்கள். கண்டியில் எதிரே வந்தால் இரண்டு பேருமே மறுபக்கம் கடந்து விடுகிறார்கள். இடமாற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அம்மாவுக்குத்தான் அந்தக் கல்யாணத்தால் உத்தியோக உயர்வு. இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பதிவு என்றாலும் சாட்சி அம்மாதான். தேதி வைக்கும் முன்பே வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க மட்டும் ஒருத்தரையும் கூட்டிட்டு வந்துராதீங்க" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு வழி?

அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணப் பதிவு. மோப்பம் பிடித்துக்கொண்டு போன வாரம் ஒரு கட்சி அமைப்பாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். தங்கள் வேட்பாளரே நேரில் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறாராம். இந்த முறை இழுபறிதான் அண்ணே என்றார். நான் அவருக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன்.

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, கையெழுத்துப் போட இங்க ஆள் இருக்கு. வோட்டு யாருக்குன்னுதான் இன்னும் முடிவு பண்ணல. வேணும்னா உங்க ஆளை வந்து என்கிட்ட கேக்கச் சொல்லுங்க. காலையில வேணாம், நான் பேப்பர் பார்ப்பேன்."