குணச்சித்திரம் அங்கிளுக்கு ஒரு பெயர்

குணச்சித்திரம் அங்கிளை ஒரு தடவையாவது தன் காரில் ஏற்றாமல் மெல்பர்னின் கிரெய்கிபர்ன் பகுதியில் எந்தத் தமிழனும் குடியிருந்ததாகச் சரித்திரம் இல்லை. நான் அவருக்குப் பக்கத்து வீடு. என் கதி என்ன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அங்கிள் மன்னார்க்காரர். குள்ளம், பெரிய மூக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, துணை நடிகர்களை அனுப்பும் ஏஜென்ஸி ஒன்றில் தன் போட்டோவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மெல்பர்னில் எடுக்கும் சீரியலிலோ விளம்பரத்திலோ பின்னால் நிற்க நம்மூர் ஜாடையில் ஒரு பெரியவர் வேண்டுமென்றால் இவருக்குப் போன் வரும். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருமுவார். கடையில் சில்லறை கொடுப்பார். பல சமயம் பிணமாகக் கிடப்பார். எல்லாவற்றையும்விட அதிகமாக டாக்ஸி ஓட்டுவார். இதில் கொடுமை, அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. டாக்ஸியைப் பின்னால் கட்டி வேறொரு வண்டி இழுத்துப் போகும். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கை வெறுத்தவர்போல் உட்கார்ந்திருப்பார். அந்த டாக்ஸியை ஓட்டுவதற்கு என் காரில் போவார்.

போகிற வழி முழுக்க மீசைக்காரர் கதை. மீசைக்காரர் என்பவர் சினிமா பேசத் தொடங்காத காலத்தில் அமெரிக்காவில் நடித்த ஒரு துணை நடிகர். காலையில் மீசையை மேலே முறுக்கிக்கொண்டு போலீஸ், மத்தியானம் அதையே கீழே இழுத்துவிட்டுத் திருடன். பழைய படங்களை எங்கெங்கோ தேடிப் பிடித்து, போனில் நிறுத்தி நிறுத்தி எனக்குக் காட்டுவார். நான் ஹைவேயில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது.

"இதில பாரும் தம்பி, இடக் காலை இழுத்து நடக்கிறார். முந்தின படத்தில குதிரையில இருந்து விழுந்தவரெல்லே, அதுதான். பேச்சுப் படம் வந்தாப் பிறகு, பாவம், கதவு திறக்கிற வேலைதான் குடுத்தவங்கள். ஒரு படத்திலயும் பேர் போடேல்லை. ஒரு படத்திலயும்!"

"பேரே தெரியாத ஆளோட வாழ்க்கை வரலாறு உங்களுக்கு எப்படி அங்கிள் தெரிஞ்சுது?"

"பாத்தா விளங்கும்தானே."

நான் போனை அவர் பக்கம் தள்ளிவிட்டு ரோட்டைப் பார்த்தேன்.

கேமரா இல்லாத இடத்திலும் அவருக்கு நடிக்காமல் இருக்க முடியாது. ஒருநாள் சர்ச்சில் யாரோ ஒருவருடைய அடக்கப் பூசைக்குப் போயிருந்தோம். இறந்தவரை அங்கிளுக்கு அவ்வளவாகப் பழக்கம்கூட இல்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கைக்குட்டையைக் கடித்து, மேலே பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், வந்தவர்கள் பாதிப்பேர் நேராக இவரிடம் வந்து கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். இறந்தவரின் சொந்த மகன் தனியாக நின்றுகொண்டிருந்தான். வெளியே வந்ததும் நான் சத்தம் போட்டேன். "முன்னால ஒருத்தன் அழேக்க பின்னால நிக்கிறவன் சும்மா நிக்கக் கூடாது தம்பி. மீசைக்காரர் சும்மா நிண்டவரோ?" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு படத்தில் வசனம் கிடைத்தது. டாக்ஸியின் பின்சீட்டில் கதாநாயகி அழுவாள். இவர் திரும்பிப் பார்த்து, "அழாதே பிள்ளை, எல்லாம் சரியாகிவிடும்" என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் வசனம் பேசுகிறவர் பெயர் படத்தின் கடைசியில் வரும் என்று ஏஜென்ஸியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் தெரு உருப்படவில்லை. என் மனைவி குசினியில் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் (குசினி என்ற சொல்லையே அங்கிளிடம்தான் கற்றோம்) ஜன்னலுக்கு வெளியே அந்தத் தலை முளைக்கும். "அழாதே பிள்ளை." அவள் இரண்டு தரம் கத்தியைக் கீழே போட்டாள்.

ஒருவழியாக ஷூட்டிங் முடிந்தது. தலைமுழுகியாயிற்று என்று நான் நிம்மதியாக இருந்த ஒரு காலை வேளையில், படக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். அங்கிள் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"எங்களிடம் 'அங்கிள்' என்றுதான் இருக்கிறது. இது முதல் பெயரா, குடும்பப் பெயரா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று படக் கம்பெனியில் இருந்த அத்தனை வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் அங்கிள் என்று கூப்பிடப் பழக்கியிருக்கிறார் மனுஷர். மத்தியானத்துக்குள் சரியான பெயர் வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவோம் என்றாள். அப்போதுதான் உறைத்தது, எனக்கும் அவர் பெயர் தெரியாது.

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"அன்ரி, அங்கிள் பேரு என்ன?"

"எந்தப் பேர் தம்பி? பாஸ்போட்டில சந்தியாப்பிள்ளை, அது அவற்ர அப்பான்ர பேர். ஞானஸ்நானத்தில மடுத்தீன். வீட்டில ராசன். அவர் எதைப் போடச் சொல்லுவாரோ ஆருக்குத் தெரியும்? மாறிப் போட்டா என்னை உயிரோட விடமாட்டார். நீரே கேளும்."

"எங்க அவரு?"

"இண்டைக்குப் பிணம். த பேசின் எண்ட ஊர்ப் பக்கம் காட்டுக்குள்ள கிடக்கிறார். போனை வாங்கி வச்சிருப்பாங்கள்."

நகரத்தின் ஒரு மூலையில் கிரெய்கிபர்ன், இன்னொரு மூலையில் மலையடிவாரம். அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அங்கே மரங்களுக்கு நடுவில் கயிறு கட்டி, அந்தப் பக்கம் கேமரா, இலைச் சருகுக்கு மேல் அங்கிள். நெற்றியில் சிவப்புச் சாயம்.

"அங்கிள்!"

பிணம் அசையவில்லை. சாப்பாட்டு மணி அடிக்கும்வரை செத்தவன் செத்தவன்தான் என்பது மீசைக்காரர் கொள்கையாம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மத்தியானத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"அங்கிள், கடைசியில பேரு போடப் போறாங்க. எந்தப் பேரு? சந்தியாப்பிள்ளையா?"

அசைவில்லை.

"ராசனா?"

ம்ஹூம்.

"மடுத்தீனா?"

பிணத்தின் உதட்டில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. "பிணம் சிரிக்கிறது! நிறுத்துங்கள்!" என்று டைரக்டர் கத்தினார். இரண்டு பேர் வந்து என்னைக் கார்வரை கொண்டுபோய் விட்டார்கள். நான் அங்கிருந்தே அந்தப் பெண்ணுக்குப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

படம் வெளியானதும் எங்கள் தெருவே தியேட்டருக்குப் போனது. அன்ரி ஒரு பை நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து, டிக்கெட் கிழிப்பவரிடம் உட்பட எல்லோருக்கும் கொடுத்தார். டாக்ஸி வந்தது. கதாநாயகி அழுதாள். அங்கிளின் ஒரு காது தெரிந்தது. அடுத்து கதாநாயகி ஏர்போர்ட்டில் நின்றாள். வசனத்தை வெட்டிவிட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. படம் முடிந்து, முகம் தொங்கிப்போன எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அன்ரிகூட வெளியே போய்விட்டார். நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். எழுத்துகள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியில் வந்தது: டாக்ஸி டிரைவர், மடுத்தீன்.

"அங்கிள், அதோ!" என்று கூவிக்கொண்டு திரும்பினால், அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"வந்ததோ தம்பி?"

"வந்துச்சே! நீங்க பாக்கலையா?"

"வராமப் போனா என்ன செய்யிறது எண்டு பயமாக் கிடந்தது. கண்ணை மூடிப்போட்டன்."

என் லீவு, என் பெட்ரோல், என் மனைவியின் கத்தி எல்லாம் தொண்டைவரை வந்தன. அவர் முகத்தைப் பார்த்தேன். போய் அடுத்த காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் தடவை அந்தப் படம் இன்னும் மோசமாக இருந்தது. எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் அங்கிளின் இரண்டு கைகளையும் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் இமைக்காமல் திரையைப் பார்த்தார். பெயர் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.