அந்தரத்தில் நின்ற மஞ்சக்கோட்டு மாவீரன்

ஒரு படம் வெற்றி பெற்றால் அதை எடுத்தவருக்குக் கழுத்து கொஞ்சம் நீண்டுவிடுகிறது. எனக்கு ஒட்டகம் அளவுக்கு நீண்டது. அந்தக் கழுத்தைத் தூக்கிக்கொண்டு நான் இரண்டாம் பாகம் எடுக்கப் போனேன்.

ஓசூரில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தரப் பரிசோதகர். பாதுகாப்பு வாரத்துக்கு நாடகம் ஏதாவது போடச் சொன்னார்கள். நான் என் கைபேசியிலேயே ஏழு நிமிடப் படம் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஷெட்டுக்குள் ஆட்கள் நடப்பதற்கென்று தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டிக் கால் வைத்தால் ஃபோர்க்லிஃப்ட் வண்டி மேலே வந்துவிடும். அந்தக் கோட்டைக் காக்கும் அதிசய மனிதன்தான் மஞ்சக்கோட்டு மாவீரன். அவனுடைய எதிரி அலட்சியாசுரன். (இந்தப் பெயரைக் கண்டுபிடிக்கவே நாலு நாள் ஆச்சு, சிரிக்காதீங்க.)

படம் கம்பெனியில் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதில் நான் எழுதிய வசனத்தைக் கேன்டீன் சுவரில் பெயின்டால் எழுதியே வைத்தார்கள்: ‘சங்கு ஊதினால் சட்டென்று ஓடு, கையில் இருப்பதை அப்படியே போடு!’ அதிலிருந்து அபாயச் சங்கு ஊதினால் ஒருவரும் பையை எடுக்கவில்லை, டிபன் பாக்ஸைத் தேடவில்லை. போட்டது போட்டபடி ஓடினார்கள். எல்லாம் என் எழுத்தின் சக்தி என்று நான் உறுதியாக நம்பினேன்.

அடுத்து குடும்ப தினம் வந்தது. தொழிலாளர்களின் வீட்டார் வரும் நாள். அன்று திரையிட இரண்டாம் பாகம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். நான் அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா தளிப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கிறவர். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் போனவள் நான்தான். அம்மாவால் படிக்க முடிந்த ஒரே சொல் என் பெயர். என் மதிப்பெண் பட்டியலை எடுத்து எடுத்துப் பார்த்து அந்த உருவம் மனதில் நின்றுவிட்டது.

“உன் பேரு பெருசா வருமா பாப்பா?”

“செவுரு அளவுக்கு வரும்மா.”

“அப்ப கண்ணாடி இல்லாமயே தெரியும்” என்று வைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ரோஜாத் தோட்டம் முழுக்கச் செய்தி போய்விட்டது. மகள் சினிமா எடுக்கிறாள். இனி நான் எடுத்தே ஆக வேண்டும்.

முதல் சிக்கல் கதாநாயகன். மாவீரனாக நடித்த ரஃபீக் அண்ணன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் இடையில் ஒரு ரம்ஜானும் மூன்று கல்யாணங்களும் வந்துபோயிருந்தன. மஞ்சள் உடை அவர் வயிற்றைத் தாண்டி இறங்க மறுத்தது.

“தொப்பையைக் கொஞ்சம் உள்ள இழுங்கண்ணே.”

“இழுத்துத்தாம்மா இருக்கேன்.”

இரண்டாம் சிக்கல் வில்லன். அத்திப்பள்ளியிலிருந்து வந்துபோகும் மஞ்சுநாத், பாதி தமிழும் பாதி கன்னடமுமாகப் பேசுவார். கதையைக் கேட்டதும் கையைக் கட்டிக்கொண்டார்.

“ஏன் மேடம், நான் போன படத்துலயே சத்துஹோதெ அல்வா, செத்துட்டேன்ல? செத்தவன் ஹேகே திரும்பி வர்றது?”

“செத்தவன் ஏ ஷிப்ட் அசுரன். நீங்க அவன் தம்பி, பி ஷிப்ட்.”

மஞ்சுநாத் மீசையைத் தடவினார். “மீசை வேற மாதிரி வெச்சுக்கலாமா?” என்று கேட்டார். ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

மூன்றாவது சிக்கல் நான். மாவீரன் இந்த முறை பறந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். பழுது பார்க்கும் ஷெட்டில் பாரம் தூக்கும் செயின் பிளாக் ஒன்று உத்தரத்தில் தொங்கியது. உயரத்தில் வேலை செய்பவர்கள் உடம்போடு மாட்டும் பாதுகாப்பு பெல்ட்டை ரஃபீக் அண்ணனுக்கு மாட்டி, கொக்கியில் கோத்து, சங்கிலியை இழுத்தால் ஆள் மேலே போவார். சேஃப்டி ஆபீசர் குணசீலன் சாரிடம் படப்பிடிப்புக்கு அனுமதி வாங்கினேன். ஆளைத் தொங்கவிடுவதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. (கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமா.)

குடும்ப தினத்துக்கு இரண்டு நாள் முன்பு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைசிக் காட்சி. மஞ்சுநாத் சங்கிலியை இழுக்க இழுக்க, ரஃபீக் அண்ணன் தரையிலிருந்து நாலடி உயரத்துக்குப் போய்க் கைகளை விரித்தார். கீழே அசுரன் வருவதற்கான புகை. இரண்டு கம்ப்யூட்டர் சாம்பிராணி ஏற்றியிருந்தோம்.

“பத்தல. இன்னும் எட்டு வைங்க” என்றேன்.

“அம்மா, எனக்கே கண்ணு எரியுது” என்றது வானம்.

“மாவீரனுக்குக் கண்ணெல்லாம் எரியாதுண்ணே!”

பத்துச் சாம்பிராணியும் சேர்ந்து புகைந்தன. புகை மாவீரனைச் சுற்றி, மாவீரனைத் தாண்டி, கூரையில் இருந்த புகை உணரும் கருவியைப் போய்த் தொட்டது. அந்தக் கருவி சரியாக வேலை செய்கிறது என்று போன மாதம் கையெழுத்துப் போட்டவளே நான்தான். மிகச் சரியாக வேலை செய்தது.

சங்கு ஊதியது.

அதன்பிறகு நடந்ததற்கு என் மூளை பொறுப்பல்ல. கால்களே பொறுப்பு. கையில் இருந்ததை அப்படியே போட்டேன். கையில் இருந்தது முழுப் படமும் எடுத்து வைத்திருந்த கைபேசி. சிமென்ட் தரையில் அது விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அதற்குள் நான் வாசலைத் தாண்டியிருந்தேன். மஞ்சுநாத் கையில் இருந்தது சங்கிலி. அவரும் போட்டுவிட்டு ஓடினார். செயின் பிளாக்கில் ஒரு வசதி உண்டு. சங்கிலியை விட்டால் பாரம் விழாது, இருந்த இடத்திலேயே நிற்கும்.

வெளியே புங்க மரத்தடியில் எல்லாரும் கூடும் இடம். குணசீலன் சார் பட்டியலோடு நின்றார். திருநெல்வேலிக்காரர். சாதாரணமாகப் பாராட்ட மாட்டார்.

“மாதேஸ்வரி, நீதாம்மா மொதல்ல வந்திருக்க. எல்லாரும் இந்தப் பிள்ளையப் பாத்துப் படிங்கலே!”

நான் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். மஞ்சுநாத் வந்தாச்சு.

“ரஃபீக்?”

குணசீலன் சார் கூட்டத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

“ரஃபீக் எங்கலே? யாரு கடைசியாப் பாத்தது?”

மஞ்சுநாத் என்னைப் பார்த்தார். நான் மஞ்சுநாத்தைப் பார்த்தேன். 

“சார்... அவரு... பறந்துக்கிட்டு இருக்காரு சார்.”

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது புகை ஜன்னல் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. மஞ்சுநாத் விட்ட வேகத்தில் மாவீரன் பட்டம்போல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கைகள் விரித்தது விரித்தபடி இருந்தன. எங்களுக்கு முதுகு காட்டியவர் நிதானமாகத் திரும்பி வந்து, முகம் தெரிந்ததும் கேட்டார்:

“ஷாட்டு ஓகேவாம்மா? எல்லாரும் நெசமாவே ஓடுற மாதிரி ஓடுனீங்க!”

குணசீலன் சார் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். “ஆளத் தொங்கவிட்டுட்டு வந்து, மொதல்ல நிக்கியே, தாயி” என்றார். அவ்வளவுதான் அவரால் பேச முடிந்தது. மீதியை மறுநாள் வார்னிங் லெட்டரில் எழுதிக் கொடுத்தார்.

கைபேசியைப் பழுது பார்க்கும் கடைக்காரர் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே மழை பெய்வதுபோலச் சத்தம் வந்தது. “வேற வாங்கிக்குங்க மேடம்” என்றார். படம் போயிற்று. சுவர் அளவுக்கு வரவேண்டிய என் பெயரும் போயிற்று. வரவேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா புதுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்து முடித்திருந்தார். புடவை என்ன நிறம் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

குடும்ப தினத்தன்று அரங்கில் அம்மா இரண்டாவது வரிசையில் அமர்ந்திருந்தார். நான் பக்கத்தில், நாற்காலிக்கு அடியில் போக வழியுண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குணசீலன் சார் மேடை ஏறினார்.

“இப்ப இரண்டாம் பாகம். படம் எடுத்தது நம்ம சிசிடிவி. அபாயம்னா என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு ரெண்டும் இதுலயே இருக்கு.”

விளக்கு அணைந்தது. திரையில் முதலில் வந்தது எழுத்து. ‘இயக்கம்: மாதேஸ்வரி.’ உண்மையாகவே சுவர் அளவுக்கு. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் நசுங்கும் அளவுக்குப் பிடித்தார்.

பிறகு சத்தமில்லாத படம். மாவீரன் மேலே போகிறார். புகை வருகிறது. திடீரென்று இயக்குநர் கைபேசியை வீசிவிட்டு முயல்போலப் பாய்கிறார். பின்னால் வில்லன். காலியான ஷெட்டில் மாவீரன் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறார். ஒரு கட்டத்தில் மூக்கைச் சொறிந்துகொண்டு மறுபடி கையை விரிக்கிறார். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரஃபீக் அண்ணனின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “வூட்லயும் இப்படித்தான், சொன்னாத்தான் எறங்குவாரு” என்றார்.

என் முகம் சுட்டது. அப்போது அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

“அதா பாருங்க, எம்மவதான் முன்னால ஓடறா! அந்த மீசைக்காரனால கிட்டவே வர முடியல!”

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. மஞ்சுநாத் எழுந்து கும்பிட்டார். தளிக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா யார் யாரிடமோ, பெயர் எவ்வளவு பெரிதாக வந்தது என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டே வந்தார். நான் தடுக்கவில்லை. உள்ளுக்குள் ஒட்டகக் கழுத்து மறுபடி கொஞ்சம் நீண்டதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது வெளியே கிளம்பும்போது அடுப்பை அணைத்தாயா, மோட்டாரை நிறுத்தினாயா என்று யாரும் கேட்பதில்லை. அப்பா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “ரஃபீக்க எறக்கியாச்சா?” என்று கேட்பார். எறக்கியாச்சு என்றால்தான் பூட்டுவார். என் கூடப்பிறந்த அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள் எல்லாரும் கிளம்பினோம். அப்பா வழக்கம்போலக் கேட்டார். கதை தெரியாத புது அண்ணி உள்ளே போனாள். மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“மேல யாருமில்லீங்க மாமா. நாம லேட் பண்ணுனதுல அவரே எறங்கிப் போயிட்டாரு போல.”