ஹைப்ரிட் கார் காப்பாற்றிய காடுகள்

தஞ்சாவூரில் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராகப் பணிபுரியும் இராஜாங்கம், குடும்ப நலனையும் பூவுலகின் நலனையும் ஒருங்கே உத்தேசித்து, ஏழு பேர் உட்காரக்கூடிய ஹைப்ரிட் கார் ஒன்றை வாங்கினார். குடும்பத்தில் இருந்தது இரண்டு பேர்: அவரும் அவர் மனைவி செவ்வந்தியும். மகள் கயல்விழி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது. மீதி இருக்கைகளில் பூவுலகம் உட்கார்ந்துகொள்ளும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கார் பாதி நேரம் பெட்ரோலில் ஓடும், பாதி நேரம் பேட்டரியில் ஓடும். ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் முன்னால் இருக்கும் திரையில் பச்சை இலைகள் தோன்றும். சாதாரண காராக இருந்தால் எவ்வளவு புகை விட்டிருக்குமோ, அதில் எவ்வளவு விடாமல் இருந்தோம் என்பதற்கு அந்த இலைகள்தாம் அத்தாட்சி.

முதல் வாரத்திலேயே இராஜாங்கம் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். வீட்டிலிருந்து அலுவலகம் பத்து நிமிட நடை. இருபது வருஷமாக நடந்துதான் போய்க்கொண்டிருந்தார். அந்த இருபது வருஷத்தில் அவருக்கு ஓர் இலைகூடக் கிடைத்ததில்லை. காரோ ஓட ஓட இலை தருகிறது. ஆகவே எவ்வளவு ஓட்டுகிறோமோ அவ்வளவு மிச்சம். மறுநாளிலிருந்து திருவையாறு வரை போய்த் திரும்பி அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தார்.

"என்னங்க, நடந்து போனா புகையே வராதே?" என்றாள் செவ்வந்தி. அவள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை.

"புகை வராது. ஆனா மிச்சமும் வராதே!"

செவ்வந்தி இருபத்தாறு வருஷம் விடைத்தாள் திருத்தியவள். முழுக்கத் தப்பான விடையில் எந்த இடத்தில் சுழிப்பது என்று அவளுக்கே சில சமயம் தெரியாது.

லிட்டருக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர் என்று திரை காட்டியது. ஏசி போட்டால் இருபத்தொன்றாக இறங்கியது. அதனால் கத்திரி வெயிலிலும் ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் காற்று காரைப் பின்னுக்கு இழுக்குமாம், அதனால் ஜன்னலும் கிடையாது. செவ்வந்தி ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பயணம் செய்தாள். கல்யாணத்துக்கு வழியில் ஏற்றிக்கொள்ளச் சொன்ன பெரிய சரீரமுள்ள உறவினர் ஒருவரை, எடையைக் காரணம் காட்டி வருத்தத்துடன் நிராகரித்தார் இராஜாங்கம்.

இப்படி இருக்கும்போதுதான் மாவட்டப் பசுமைப் பயணக் குழு 'பசுமைக் குடும்பம்' என்ற விருதை அறிவித்தது. இராஜாங்கம் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, குழுவின் திட்ட அலுவலர் பகலவனிடம் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பகலவன் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் நின்றார். "முன்பு பயன்படுத்திய வாகனம்னு கேட்டிருக்கோம். கால்நடைன்னு எழுதியிருக்கீங்க. மாட்டு வண்டியா?"

"இல்ல சார். நடந்து போனேன். வெளியூருக்கு பஸ்."

"அப்படின்னா உங்க புகை கூடியிருக்கே சார்! விருது எப்படிக் குடுக்கிறது?"

இராஜாங்கத்தின் முகம் வாடியது. பகலவன் இரக்கமுள்ளவர். "சரி, இந்தக் காரை வாங்காம இருந்தா வேற எதை வாங்கியிருப்பீங்க?"

"எதையும் வாங்கியிருக்க மாட்டேன்."

"அவசரப்படாதீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பெரிய டீசல் வண்டி ஏதாவது?"

இராஜாங்கம் யோசித்தார். மனித மனம் எதற்குத்தான் ஆசைப்படாது? "லாரி?" என்றார் தயக்கத்துடன்.

"பத்துச் சக்கரமா?"

"ஆமாங்க."

பகலவன் எழுதிக்கொண்டார். வாங்காத லாரியின் ஓடாத ஓட்டத்தால் வராமற்போன புகையைக் கூட்டிப் பார்த்ததில், மாவட்டத்திலேயே இராஜாங்கம்தான் முதல். நேரடி ஆய்வு ஒன்றுதான் பாக்கி. பின்னணி பசுமையாக இருக்கவேண்டும் என்பதால், திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த இராஜாங்கத்தின் சொந்த ஊரில் ஆய்வை வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று.

அது புரட்டாசி மாசம், குறுவை அறுவடை. பசுமையெல்லாம் அறுபட்டு ரோட்டில் நெல்லாகக் கிடந்தது. இராஜாங்கத்தின் அக்கா செந்தாமரைதான் தன் நிலத்தையும் தம்பி பேரில் இருந்த நிலத்தையும் சேர்த்துச் சாகுபடி செய்கிறவள். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். முந்தின நாள் தூறலில் நனைந்த நெல் இருபத்திரண்டில் இருந்தது. அவள் விடிந்ததிலிருந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோட்டில் பரப்பிய நெல்லைக் காலால் தள்ளித் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தாள்.

இராஜாங்கம் காரை நிறுத்தி இறங்கினார். "அக்கா, மத்தியானம் ஆபீசருங்க வர்றாங்க. காரை ஓட்டிக் காட்டணும். நெல்லைக் கொஞ்சம் அள்ளிடுறியா?"

"அள்ளி எங்கடா போடுறது?"

"சாக்குல கட்டி வையேன்."

"ஈர நெல்லைக் கட்டி வச்சா ராத்திரிக்குள்ள சூடேறி முளை கட்டிடும். முளை கட்டின நெல்லை உன் கார் திங்குமா?"

செவ்வந்தி காரிலிருந்து இறங்கி மேற்கே பார்த்தாள். "அண்ணி, மானம் கறுத்துக்கிட்டு வருது!"

சொல்லி வாய் மூடவில்லை. பொட்டுப் பொட்டாக விழ ஆரம்பித்தது. மூன்று பேரும் ஓடி ஓடி அள்ளினார்கள். இராஜாங்கம் ஆய்வுக்கென்று உடுத்தி வந்த வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடையில் வாரினார். தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது, அதுவும் ஓட்டை. பத்து மூட்டை நெல் நனையத் தயாராக இருந்தது.

"காருக்குள்ள கொட்டுங்க" என்றாள் செவ்வந்தி.

"காருக்குள்ளயா?"

"பின் சீட்டெல்லாம் மடிச்சா கல்யாண மண்டபமாட்டம் இருக்கு. ஹீட்டரைப் போட்டா நெல்லும் காயும்."

ஹீட்டர் வேலை செய்ய இன்ஜின் ஓடியாக வேண்டும். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால் சராசரி என்னாவது? இராஜாங்கம் திரையில் இருந்த இருபத்துமூன்றைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை. மழையில் நனைந்தபடி, குழந்தையை மறைப்பதுபோல் ஒரு கூடை நெல்லை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். நூற்றுப்பத்து நாள் உழைப்பு அது.

"கொட்டுக்கா" என்றார்.

பத்து மூட்டையும் உள்ளே போயிற்று. ஹீட்டர் ஓடியது. செந்தாமரை பின்பக்கம் ஏறி உட்கார்ந்து நெல்லைக் கையால் கிளறினாள். செவ்வந்தி ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கி ஆவியை வெளியே விட்டாள். சராசரி பதினெட்டானது, பதினொன்றானது, ஆறானது. இலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இராஜாங்கம் திரையின்மேல் துண்டைப் போட்டு மூடினார், பிணத்தின் முகத்தை மூடுவதுபோல.

மூன்று மணிக்கு நான்கு டீசல் ஜீப்புகளில் குழு வந்திறங்கியது. ஒரு ஜீப்பில் பகலவன், ஒரு ஜீப்பில் கோப்பு, ஒரு ஜீப்பில் புகைப்படக்காரர், ஒரு ஜீப் காலி.

"மன்னிச்சிடுங்க சார், விருது வேண்டாம்" என்றார் இராஜாங்கம். "மூணு மணி நேரமா நின்ன இடத்துலயே பெட்ரோலை எரிச்சிட்டேன்." நெஞ்சு கொஞ்சம் லேசானதுபோல் இருந்தது அவருக்கு.

பகலவன் காருக்குள் எட்டிப் பார்த்தார். நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். "இந்தக் கார் இல்லேன்னா நெல்லை எப்படிம்மா காயவச்சிருப்பீங்க?"

"வெயில்லதான்" என்றாள் செந்தாமரை.

"வெயில்னு எழுதினா மிச்சம் ஒண்ணும் வராதும்மா. வெயில் புகை விடாதே! விறகுன்னு வச்சுக்குவோம். இவ்வளவு நெல்லைக் காயவைக்க எவ்வளவு விறகு வேணும்?"

செந்தாமரைக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஆங்! ஒரு காட்டையே வெட்டி எரிக்கணும்!"

பகலவன் எழுதினார்: 'காப்பாற்றப்பட்டது: காடு, ஒன்று.'

இராஜாங்கத்துக்கு விருது கிடைத்தது. வேண்டாம் என்று சொன்ன அதே வாயால் ஏற்புரையும் ஆற்றினார். பொன்னாடையை மறுக்கும் தைரியம் நம்மில் யாருக்குத்தான் இருக்கிறது?

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சாதனை உரிய வழியில் மேலே போய், சுற்றறிக்கையாகக் கீழே வந்தது. மாசியில் சம்பா நெல் கொள்முதலுக்கு வந்தபோது செந்தாமரையின் நெல்லில் ஈரப்பதம் பதினான்கில் இருந்தது. கடித்தால் 'டக்'கென்று உடையும்.

"எதுலம்மா காயவச்சீங்க?" என்றார் நிலையத்தில் இருந்தவர்.

"வெயில்ல."

"வெயில் நெல் எடுக்கிறதில்ல. ஹைப்ரிட் கார்ல காயவச்சதுன்னு சான்று வேணும்."

பல்லைக் காட்டும் வெயிலில் கார்கள் வரிசையாக நின்றன. கார் இல்லாதவர்கள் வாடகைக்குப் பிடித்தார்கள். எல்லாக் காரும் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. நெல் உள்ளே இருந்தது, ஜனங்கள் வெளியே இருந்தார்கள். ஒவ்வொருவரும் சான்றில் 'காடு, ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நெல் விலைபோனால் சரி. செந்தாமரையும் தம்பி காரில் ஏற்கெனவே காய்ந்த நெல்லை மறுபடி காயவைத்து, கையெழுத்துப் போட்டாள். காடென்று சொல்ல ஒரு தோப்புகூட இல்லாத அந்தச் சுற்றுவட்டாரத்தில், ஒரே மாதத்தில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு காடுகள் காப்பாற்றப்பட்டன.

பங்குனியில் எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. தாங்களே ஒப்புக்கொண்டபடி தங்கள் பகுதியில் காடு இருப்பதால், அனுமதியின்றிக் காட்டுக்குள் நெல் பயிரிட்டமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

செந்தாமரை கடிதத்தை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் வந்தாள். "தம்பி, கீழே இருக்கிறது உன் கையெழுத்துதானே?"

"ஆமாக்கா. எங்க ஆபீஸ் வழியாத்தான் போகணும்னு உத்தரவு. எனக்கும் ஒண்ணு அனுப்பிக்கிட்டேன்."

செந்தாமரை கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி, அந்தக் காட்டுல யானை இருக்கான்னு கேட்டு எழுது. இருந்தா அதுகிட்டயே விளக்கம் சொல்லிக்கிறேன். அதுக்காவது புரியும்."

இராஜாங்கம் பழக்க தோஷத்தில் அதையும் எழுதி அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரமே யானைக் கணக்கெடுக்க ஆறு ஜீப் வந்தது. அறுத்த வயலில் அதிகாரிகள் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஓசைப்படாமல் நடந்தார்கள். ஊரே வேடிக்கை பார்க்க வரப்பில் கூடிவிட்டது. முதலில் சிரித்தார்கள். பொழுது சாயச் சாய, சிரிப்பு அடங்கி, ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் எக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள், ஒருவேளை இருந்துவிட்டால் என்று.