இரண்டு மாதம் பிந்திப் பிறந்த இரட்டை

கற்பிட்டி,
2013 பெப்ரவரி.

பேரன்புக்கும் பெருமரியாதைக்கும் உரிய வின்சன்ட் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் ஒரே மகள் மெலனி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். சிலாபத்தில் நீங்களும் மாமியும் அடைகாக்கிற கோழியும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் இந்த வீட்டில் ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். விஷயம் இதுதான் மாமா: சனிக்கிழமை ஆட்டோவைக் கொண்டுவந்து என்னை உங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "மாமா ஓம் எண்டு சொன்னா போ" என்றார், மீன் கழுவிக்கொண்டே.

அப்பா செத்த பிறகு அம்மா கில்பட் அங்கிளைக் கல்யாணம் முடித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் மீன் லொறி ஓட்டுகிறார், வரும்போது பேக்கரியில் பணிஸ் வாங்கி வருகிறார், நல்ல மனிதர். ஆனால் அவரோடு அவர் மகள் ஜெசிக்காவும் வந்தாளே! கண்டக்குழியை விட்டு நாங்கள் இந்தப் புது வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஒரே கட்டில், ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. தூக்கத்தில் சிங்களத்தில் சண்டை பிடிக்கிறாள். எனக்குத் திருப்பி ஏசவும் தெரியவில்லை.

முதல் நாள் வகுப்பில் உம்மு குல்தூம் டீச்சர் எங்கள் இருவரின் விலாசத்தையும் பார்த்துவிட்டு, "ரெட்டப் புள்ளையளா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் ஜெசிக்கா, "ஓம் டீச்சர்" என்றாள். டீச்சர் பிறந்த திகதிகளையும் பார்த்தார். "அதெப்படி புள்ள, இவ மார்ச், நீ மே?" அவள் கண் கூடச் சிமிட்டாமல் சொல்கிறாள்: "நான் வரக்குள்ள வழியில லொறி பழுதாப் போச்சு டீச்சர்." வகுப்பே உருண்டு சிரித்தது. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அழுதேன். இரட்டையர் என்றே ஆகிவிட்டதால் விளையாட்டுப் போட்டியில் மூன்று கால் ஓட்டத்துக்கு எங்களையே சோடி சேர்த்தும்விட்டார்கள்.

நேற்றுப் பின்னேரம் பழகினோம். கில்பட் அங்கிள் என் ஒரு காலையும் அவள் ஒரு காலையும் நைலோன் கயிற்றால் கட்டிவிட்டுக் கரைக்கு மீன் ஏற்றப் போய்விட்டார். அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்கு நவநாள் செபத்துக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து எங்களுக்குள் சண்டை வந்தது. சண்டை எதற்கு என்றால், சுவரில் என் அப்பாவின் படத்துக்குப் பக்கத்திலேயே அவள் செத்துப்போன தன் அம்மாவின் படத்தை மாட்டியிருக்கிறாள். பார்த்தால் அவர்கள் இரண்டு பேரும் கல்யாணம் முடித்த மாதிரி இருக்கிறது மாமா!

"உங்கட அம்மாவ அங்கால மாத்து" என்றேன்.

"உங்கட அப்பாதான் பல்லக் காட்டிக்கொண்டு நிக்கிறார்" என்றாள்.

கோபித்துக்கொண்டு நான் கிழக்கே போனேன், அவள் மேற்கே போனாள். இருவரும் மண்ணில் விழுந்தோம். முடிச்சு அவிழவில்லை. கத்தி பூட்டின வீட்டுக்குள். வேறு வழியில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், கரைக்கு நொண்டிக்கொண்டு போனோம். குறுக்கு வழி என்று ஸலாஹுதீன் நானாவின் வெங்காயத் தோட்டத்துக்குள் இறங்கி, பாத்தியிலேயே மறுபடியும் விழுந்தோம். எழும்பாமல் கிடந்தபடியே ஜெசிக்கா மெல்லச் சொன்னாள்: "அம்மாக்குப் புது வீட்டில ஒருத்தரையும் தெரியாது. உங்கட அப்பா சிரிச்ச முகம். அதுதான் பக்கத்தில வச்சன்."

அவள் தலையில் ஒட்டியிருந்த வெங்காயத் தாளைத் தட்டிவிடப் போனேன். அதற்குள், "யா அல்லாஹ், என்ட வெங்காயம்!" என்று ஸலாஹுதீன் நானா தடியோடு வந்தார். ஓடினோம் மாமா! என்னமாய் ஓடினோம்! கட்டின கால் ஒரே காலாய்ப் போனது. லொறியடியில் போய்த்தான் நின்றோம். கில்பட் அங்கிள் கயிற்றின் ஒரு நுனியை இழுத்தார், முடிச்சு சும்மா கழன்று விழுந்தது. மூச்சு வாங்க வந்த நானா தடியைக் கீழே போட்டுவிட்டு, "கில்பட், ஒங்கட புள்ளையள என்னால புடிக்க ஏலாமப் போச்சே" என்று சிரித்தார். கில்பட் அங்கிள் 'புள்ளையள்' என்ற சொல்லைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை, களைப்பில்.

ஆனபடியால் சனிக்கிழமை தவறாமல் வரவும். மாமிக்கு என் முத்தங்கள். உங்களுக்கும் ஆட்டோவுக்கும் அந்தோனியார் துணை நிற்பாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிவுள்ள மருமகள்,
மெலனி.

பி.கு.: முத்திரை வாங்கப் பிந்தியதால் கடிதம் இன்னும் இங்கேயே கிடக்கிறது. இதற்கிடையில் போட்டி முடிந்து நாங்கள் முதலாவதாக வந்தோம். நிற்கத் தெரியாமல் பள்ளிக்கூட அதிபரின் பந்தலையும் இழுத்துக்கொண்டு போனோம். சனிக்கிழமை வர வேண்டாம் மாமா, எனக்கு இங்கே வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமியோடு சாப்பிட வாருங்கள். ஜெசிக்கா என் தோளுக்கு மேலால் இதை வாசித்துவிட்டு, தன்னைப் பற்றி எழுதினதையெல்லாம் அழிக்கச் சொல்கிறாள். பேனையால் எழுதினதை எப்படி அழிப்பது? நீங்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசியுங்கள். உங்களை என்னவென்று கூப்பிடுவது என்றும் கேட்கிறாள். மாமா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.