மூச்சண்ணனின் இரண்டு நிமிடம்

உலகத்தில் உள்ள அத்தனை உயிர்களையும் பொருள்களையும் இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம் என்று கண்டுபிடித்த மேதை, மேற்குத் தாம்பரம் டாக்சி ஸ்டாண்டில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். தன் மூச்சில் ஓடுவது ஒன்று. அடுத்தவன் ஊதி ஓடுவது இன்னொன்று. மூன்றாவது கிடையாது. அதனால் அவருக்கு மூச்சண்ணன் என்று பெயர்.

எண்பதுகளில் அவரிடம் ஒரு டீசல் அம்பாசடர் இருந்தது. அதன் இன்ஜின் வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். டர்போ என்ற சமாசாரம் அப்போதுதான் லாரிகளில் வரத் தொடங்கியிருந்தது. இன்ஜின் விடும் புகையைக் கொண்டே ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுற்றவைத்து, அதன் வேகத்தில் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிப்பதுதான் டர்போ. காற்று கூடினால் இழுவையும் கூடும். இதைக் கேள்விப்பட்ட அன்றே மூச்சண்ணன் அதைத் தன் ஜென்ம விரோதியாக அறிவித்துவிட்டார்.

ஒரு முறை குடும்பத்தோடு அவர் வண்டியில் ஏற்காடு போனோம். மேடு வந்ததும் வண்டி திணறியது. அப்பாவையும் என்னையும் இறங்கி நடக்கச் சொன்னார். நாங்கள் வேர்க்க விறுவிறுக்கக் காருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது, டர்போ என்று பெரிய எழுத்தில் எழுதிய லாரி ஒன்று சர்ரென்று எங்களைக் கடந்து போயிற்று. அண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டி அப்பாவிடம் சொன்னார்.

"அது வாயில வேற எவனோ ஊதறான் சார். நம்ம வண்டி தன் மூச்சுல வந்துகினு கீது. லேட்டா வந்தாலும் மரியாதையா வரும்."

அந்த மரியாதையில் பாதி மலையை நாங்கள் காலால்தான் ஏறினோம்.

அண்ணனின் கொள்கை காரோடு நிற்கவில்லை. அவர் வீட்டில் பம்ப் ஸ்டவ் கூடாது. காற்றடித்து எரியவைப்பது டர்போ புத்தி. அண்ணி திரி ஸ்டவ்வில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்தாள். கல்யாண வீட்டில் நாயனம் என்றால் முன்வரிசையில் உட்காருவார், ஆர்மோனியத்தைக் கண்டால் எழுந்து பந்திக்குப் போய்விடுவார். நாயனத்தையும் அடுத்தவன்தானே ஊதுகிறான் என்று ஒரு நாள் அப்பா வாய் தவறிக் கேட்டுவிட்டார். மூன்று மாதம் அப்பாவோடு அண்ணன் பேசவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பாசடர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஒரு வாரம் ஸ்டாண்டில் ஆளைக் காணோம். எட்டாம் நாள் வெள்ளை வெளேரென்று ஒரு ஏ.சி. காரில் வந்து இறங்கினார். அதன் பின்பக்கம் டர்போ என்று எழுதியிருந்தது. ஸ்டாண்டே வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டது. யாரும் கேட்பதற்கு முன் அண்ணனே விளக்கம் கொடுத்தார். இது அடுத்தவன் ஊதுவது இல்லையாம். தான் விட்ட மூச்சையே வீணாக்காமல் வேலை வாங்குகிறதாம். ஆகவே இதுவும் தன் மூச்சுதானாம். மறுநாள் அண்ணிக்குப் பம்ப் ஸ்டவ் வந்தது.

கட்சி மாறியவர்தான் உரக்கக் கோஷம் போடுவார். அண்ணனும் போட்டார். அந்த வண்டி மிதித்த உடனே பாயாது, டர்போ சுற்றி வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். "வரும் சார், வரும்" என்று சொல்லிக்கொண்டே தாம்பரத்தை அடுத்த சானடோரியத்தில் மிதிப்பார். அதற்கடுத்த குரோம்பேட்டையில்தான் வரும். வரும்போது எதிரே கட்டாயம் ஒரு மாடு நிற்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கமுடியாதது அந்த இரண்டு நிமிடம். ஓடி வந்த டர்போ வண்டியைச் சட்டென்று அணைக்கக்கூடாது, சூடு தணிய இரண்டு நிமிடம் இன்ஜினைச் சும்மா ஓடவிட வேண்டும் என்று மெக்கானிக் அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் அதில் தன் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டு நிமிடமும் வண்டியை விட்டு யாரும் இறங்கக்கூடாது.

"உங்களுக்காக ஓடியாந்து அது மூச்சு வாங்கினு கீது. நீங்க பாட்டுக்கு எறங்கிப் போனா இன்னா நாயம்?"

நியாயத்தை நிலைநாட்டப் பின்கதவுகளில் குழந்தைப் பூட்டைப் போட்டுவைத்திருந்தார். உள்ளே இருந்து திறக்காது. திருச்சிக்குப் போகவேண்டிய ஒருவர், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தன் ரயில் கிளம்பிப் போவதைக் கார்க் கண்ணாடி வழியாகவே பார்த்தார்.

இந்த வண்டியில்தான் நான் பெண் பார்க்கப் போனேன்.

எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. அதற்கு முன் ஏழு பெண் பார்த்து ஏழும் தட்டிப்போயிருந்தது. ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் என் வாயில். பெண் வந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது, குனிந்து தரையில் எத்தனை கல் பதித்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். பையன் ஊமையா என்று ஒரு வீட்டில் நேரடியாகவே கேட்டுவிட்டார்கள். எட்டாவது இடம் குரோம்பேட்டை ராதா நகர். இதுவும் போனால் இனி ஜாதகத்தைக் கையால் தொடமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். பெண்ணின் போட்டோ ஒரு வாரமாக என் சட்டைப் பையில் இருந்தது அம்மாவுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் வீட்டுக்குள் காலெடுத்து வைத்துவிட வேண்டும் என்று நாலு மணிக்கே கிளம்பினோம். குரோம்பேட்டை ரயில்வே கேட் கால் மணி நேரம் மூடிக் கிடந்தது. அங்கேயும் அண்ணன் இன்ஜினை அணைக்கவில்லை. ஒரு வழியாகக் கேட் திறந்து, பெண் வீட்டு வாசலில் நாங்கள் நின்றபோது மணி நாலு இருபத்தொன்பது.

பெண்ணின் அப்பா கை கூப்பியபடி வாசலில் நின்றார். அம்மா கதவைத் தள்ளிப் பார்த்தாள், திறக்கவில்லை. இறங்க விடச் சொல்லிக் கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் முருகனைக் கூப்பிட்டாள். அண்ணன் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்சீட்டில் இருந்த அப்பா வழக்கம்போல் தூங்கிவிட்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு மெல்ல மெல்லக் காய்ந்துகொண்டே வந்தது.

அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தபோது மணி நாலு முப்பத்தொன்று. அம்மா அசையவில்லை.

"நான் எறங்கமாட்டேன். கீழ கால் வெச்சாத்தான் வந்ததா அர்த்தம். இப்ப நாம இன்னும் வரவே இல்ல."

ராகு காலம் முடிய ஆறு மணி ஆகும். இந்த விஷயத்தை அம்மா திறந்த கதவு வழியாகவே பெண்ணின் அப்பாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இப்படி ஒரு சம்பந்தி அவர் பார்த்ததில்லை. முகம் சிவக்க உள்ளே போனார். தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எட்டாவதும் போயிற்று என்று நான் தீர்மானித்துவிட்டேன். சட்டைப் பையில் கை வைத்தபோது எனக்கு அழுகை வந்தது உண்மை.

அப்போது பஜ்ஜித் தட்டோடு பெண்ணே காருக்கு வந்தாள். பெயர் சுகந்தி. குனிந்துகொள்ளலாம் என்று பார்த்தால் காருக்குள் எண்ணுவதற்குத் தரை இல்லை, என் முழங்கால்தான் இருந்தது. அவள் என்னைப் பார்க்காமல், ஏன் இறங்கவிடவில்லை என்று அண்ணனைத்தான் விசாரித்தாள். அவர் டர்போவின் அருமை பெருமைகளை, ரயில்வே கேட்டில் கால் மணி நேரமும் இன்ஜினை அணைக்காமல் காத்தது உட்பட, விலாவாரியாக எடுத்துவிட்டார். அவள் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் டர்போவுக்குள் சுற்றும் ஷாஃப்ட்டின் அளவு சரிபார்க்கிற வேலையில் இருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது.

"நீங்க சொல்றது விரட்டி வந்த வண்டிக்குண்ணா. நீங்க கேட்ல கால் மணி நேரம் நின்னிருக்கீங்க. இன்ஜினும் சும்மா ஓடிட்டே இருந்திருக்கு. டர்போ அங்கயே ஆறியிருக்கும்."

"அப்ப அந்த ரெண்டு நிமிசம்?"

"வேண்டியதே இல்லண்ணா."

அம்மா மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். நாட்டில் உள்ள மூச்சையெல்லாம் அளந்த மனிதருக்கு அந்த நேரத்தில் மூச்சே வரவில்லை. நான் சிரித்துவிட்டேன். வாயிலிருந்த பஜ்ஜி மூக்கில் ஏறி, இருமி, கண்ணில் நீர் வந்து, அதற்கு மேலும் சிரித்தேன். அவள் தண்ணீர் நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, இவர் எங்களை ஏற்காட்டில் பாதி மலை நடக்கவிட்டவர் என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. பம்ப் ஸ்டவ், ஆர்மோனியம், திருச்சிக்காரர் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆறு மணிக்கு அம்மா முறைப்படி இறங்கி உள்ளே போனபோது, அங்கே பேசி முடிவு செய்ய ஒன்றும் பாக்கி இருக்கவில்லை.

திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்த ஒன்றரை மணி நேரமும் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் காதுபடவே அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தேன். மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. தப்பா எடுத்துக்காதீங்கண்ணா என்று முனகினேன்.

"இன்னும் நாலு கதை கீது சார். நீங்க சொல்லாம வுட்டுட்டீங்க. கல்யாணத்துக்கு அப்பால சொல்லுங்க, அந்தப் பொண்ணு இன்னும் சிரிக்கும்."

கல்யாணப் பத்திரிகை எழுதும்போது அம்மா ஏதோ யோசித்தவள், அந்த டிரைவர் பேரைக் கேட்டுக்கொண்டு வா என்று என்னை ஸ்டாண்டுக்கு அனுப்பினாள். அவர் பெயரை என் தாய்மாமன்கள் வரிசையில் மூன்றாவதாகப் போடச் சொன்னாள். அச்சான பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் தன் பெயர் மேல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.

கல்யாணத்தன்று வெள்ளை வேட்டி சட்டையில், மாலையும் கழுத்துமாக, தாய்மாமன்களோடு மணையருகே நின்றார். காரை வேறு யாரோ ஓட்டினார்கள். அம்மாவோடு கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். எனக்கு எத்தனை தாய்மாமன் என்று கேட்பவர்களிடம் இன்றைக்கும் மூன்று என்றுதான் சொல்லிவருகிறேன்.