அத்தானுக்குக் கிடைத்த 'டூ'

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. உன் அக்காளின் கால் நலம். அதனால் நானும் நலம். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மகளைப் பார்க்க வந்த இடத்தில் உன் அக்காள் படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டதும், மகள் வேலைக்குப் போனபின் ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் இங்கிலீஷ் தெரியாமல் ஊமைகளாக உட்கார்ந்திருந்ததும் உனக்குத் தெரியும். அப்போது நீ போனில் கற்றுக்கொடுத்த ஒற்றை இங்கிலீஷ் வார்த்தைக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். "எது அளவுக்கு மிஞ்சிப்போனாலும் முன்னால 'டூ' போட்டுடுங்க அத்தான், மத்ததை அவங்க பார்த்துக்குவாங்க" என்றாய். போட்டேன். "டூ கோல்ட்" என்றேன், கம்பளி வந்தது. "டூ ஸ்வீட்" என்றேன், வேறு காபி வந்தது. ஆயுசில் ஒரு குறை சொல்லாதவனுக்கு வாய் தாராளமாகிவிட்டது. தரை துடைக்கும் அம்மாளைப் பாராட்டி "டூ கிளீன்" என்றேன். அதற்கப்புறம் எங்கள் கட்டில் பக்கம் அந்தம்மாள் எட்டிப்பார்க்கவில்லை.

உன் அக்காளின் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே. மாவுக்கட்டு போட்ட நர்ஸ் "ஓகே?" என்று கேட்டதற்கு "வெரி குட்" என்று சிரித்தாள். நர்ஸ் நகர்ந்ததும் கண்ணில் தண்ணீர். என்னடி என்றால், "கட்டு ரொம்ப இறுக்குதுங்க. பாவம், அந்தப் பொண்ணு இவ்வளவு நேரம் நின்னு போட்டுச்சு, இப்பப் போய்க் குறை சொன்னா மனசு கஷ்டப்படாதா?" என்கிறாள். கால்விரல்களைப் பார்த்தேன், கத்தரிக்காய் நிறம். வராந்தாவில் ஓடி அந்த நர்ஸை மறித்து "டூ" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. "டூ, டூ, டூ" என்று என் மணிக்கட்டையே இறுக்கிப் பிடித்துக் காட்டினேன். அந்தப் பெண் ஓடிவந்து விரல்களைப் பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள், கட்டைப் பிளந்து தளர்த்தினார்கள். டாக்டர் ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் 'லேட்' மட்டும் புரிந்தது. அதற்கு முன்னால் 'டூ' இல்லை என்பதும் புரிந்தது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

அவள் நடந்து வீடு திரும்புவாள் என்றால் அது உன் புண்ணியம். நீயும் உன் குடும்பமும் குறையில்லாமல் வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இனியாவது வாயைத் திறக்கட்டும் என்று அந்த வார்த்தையை உன் அக்காளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். திறந்துவிட்டாள். ஏதாவது தொந்தரவா என்று நர்ஸ் கேட்டதற்கு என்னைக் கைகாட்டி "டூ மச்" என்றாள். இதை வெளி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே சொன்ன நன்றியில் பாதியைத் திருப்பி அனுப்பிவிடு. மீதி அவள் காலுக்கு. அது உன்னிடமே இருக்கட்டும்.