மூவாயிரம் மில்லிகல்லும் ஒரு பெண் பார்த்தலும்

ஓய்வு பெற்றவனிடம் கொடுக்கக் கூடாத பொருள்கள் இரண்டு: ஒன்று நேரம், மற்றது கைத்தொலைபேசி. என்னிடம் இரண்டும் இருந்தன. (பென்சிலும் இருந்தது. ஆக, மூன்று.)

நில அளவை அலுவலகம் ஒன்றில் முப்பத்து மூன்று வருடம் எழுதுவினைஞனாக இருந்தேன். பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மயிரளவு மாறும். உத்தியோகத்தர்கள் மலையேறி அளந்து வருவார்கள். நான் கதிரையை விட்டு எழும்பாமல் அதை மில்லிகல் என்ற அலகுக்கு மாற்றுவேன். ஆர்முடுகல், அதாவது வேகம் கூடும் வீதம், செக்கன் வர்க்கத்துக்கு ஒரு மீற்றர் என்றால், அது ஒரு லட்சம் மில்லிகல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (எழுப்பி யாரும் கேட்டதில்லை.)

மூன்று வருடங்களுக்கு முன், எழுபத்தொரு வயது இளமைத் திமிரில் நடந்தது இது. எங்கள் பக்கம் நிலம் இலேசாக அதிர்ந்ததாகப் பேச்சு அடிபட்டது. எங்கள் வீடோ அம்பிட்டிய மலைச் சரிவில், அறுபத்து நான்கு படி ஏறிய பிறகு வருவது. பயந்து, அதிர்வை அளக்கும் செயலி ஒன்றைத் தொலைபேசியில் போட்டு, கூடத்துச் சின்ன மேசையில் வைத்துவிட்டேன். எவ்வளவு அதிர்ந்தால் என்ன ஆகும் என்ற அட்டவணையைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் சுகந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளுக்கு வயது முப்பத்திரண்டு; உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவள். முன்னே வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளை ரமேஷ், கடுகண்ணாவை ஊர்க்காரர், பௌதிகவியல் ஆசிரியர். படத்திலேயே அவளுக்குப் பிடித்துவிட்டது. (வாயால் சொல்லவில்லை. படத்தைப் பதினான்கு தடவை எடுத்துப் பார்த்தாள்.)

"அப்பா, இன்னைக்கு ஒண்ணும் செஞ்சு வச்சிறாதீங்க," என்றாள்.

"நான் என்ன செய்யப்போறேன்? சும்மா உக்காந்திருக்கேன்."

ரமேஷ், அவருடைய அப்பா, அம்மா மூவரும் வந்து அந்தச் சின்ன மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுகந்தி தேநீர் கொடுத்தாள். எல்லாம் நல்லபடியாகப் போனது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை போலும். தொலைபேசியை எட்டிப் பார்த்தேன். செக்கன் வர்க்கத்துக்கு 0.03 மீற்றர்! மனதுக்குள் பெருக்கினேன்: மூவாயிரம் மில்லிகல். உள்ளே போய்ப் பென்சிலால் மூன்று தடவை பெருக்கினேன். மூன்று தடவையும் மூவாயிரம். அலுமாரியைத் திறந்தேன். 'ஐந்நூறுக்கு மேல்: கட்டடங்கள் இடியும்.' மூவாயிரத்துக்கு அட்டவணையில் இடமே இல்லை.

அட்டவணையைப் பிய்த்துக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தேன்.

"எல்லாரும் வெளிய போங்க! வீடு இடியப் போகுது!"

மாப்பிள்ளையின் அப்பா வாயில் பாதி முறுக்குடன் எழுந்தார். அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். நூறு கிலோவுக்குக் குறையாத மனிதர். வெளியே நல்ல மழை. ஐந்து நிமிடத்தில் ஆறு பேரும் கொய்யா மரத்தடியில் நனைந்துகொண்டிருந்தோம்; குடை ஒன்று. வீடு மட்டும் இடியாமல், விளக்கெரிய, உள்ளே ஒரு சொட்டு நனையாமல் நின்றது.

"என்னங்க, ஒரு ஓடு கூட விழலியே?" என்றாள் என் மனைவி.

"பொறு, விழும்," என்று அட்டவணையை நீட்டி, கணக்கை உரக்க வாசித்தேன்.

"அங்கிள், இது மில்லி-ஜீ அட்டவணை. ஜீன்னா புவியீர்ப்பு, அதுல ஆயிரத்துல ஒரு பங்கு. நீங்க மில்லிகல்லுல..." என்று ரமேஷ் இழுத்தார்.

"தொளாயிரத்து எண்பதால பிரிக்கணும்!"

இதைச் சொன்னது ரமேஷும் சுகந்தியும், ஒரே நேரத்தில். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பிரித்தேன். மூன்று சொச்சம். அட்டவணையில் அதற்கு நேரே, 'பெரும்பாலும் யாரும் உணரமாட்டார்கள்' என்றிருந்தது. முப்பத்து மூன்று வருடம் மில்லிகல்லைத் தவிர வேறொன்றையும் எழுதாத கை. மற்ற அலகும் உலகத்தில் உண்டென்பது அதற்கு மறந்துவிட்டது.

"அந்த மூணும்..." ரமேஷ் தலையைச் சொறிந்தார். "பயத்துல காலை ஆட்டிக்கிட்டிருந்தேன் அங்கிள். முழங்கால் மேசையில பட்டிருக்கும்."

சுகந்தி என்னைப் பார்த்த பார்வையை எந்த அலகிலும் சொல்ல முடியாது. கண்ணில் நீர் கட்டியிருந்தது; மழைநீர் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. மூன்றாவது சம்பந்தத்தை நானே கையைப் பிடித்து வெளியே இழுத்து விட்டிருந்தேன்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா ஒரே குடையைச் சுகந்தியின் தலைக்கு மேல் நகர்த்தினார்.

"நனையாத, புள்ள. எம் மகன் வீட்ல வாயத் தொறந்தா, ஒருத்தருக்கும் வெளங்காது. இன்னைக்குத்தான் கூடச் சேந்து பேச ஒரு ஆள் கெடச்சிருக்கு," என்றவர், என் பக்கம் திரும்பினார். "உள்ள போவமா சம்பந்தி? இல்ல, இன்னும் ஏதாச்சும் இடியணுமா?"

'சம்பந்தி' என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி அழுதாள். மாப்பிள்ளையின் அப்பா மிச்ச முறுக்கைக் கடித்தார்.

கல்யாணம் முடிந்து இதுவரை பதினொரு தடவை கடுகண்ணாவைக்குப் போயிருக்கிறோம். பதினொரு தடவையும் எனக்கு மட்டும் கதிரையை வாசலோரம் போட்டார்கள். "சம்பந்திக்கு ஓட வசதியா இருக்கட்டும்," என்பார் அந்த அம்மா, வீடே சிரிக்கும். பத்துத் தடவை கோபம் வந்தது. பதினொன்றாவது தடவை, கதிரையைச் சரியாகப் போடவில்லையென்று நானே தூக்கி, வாசலுக்கு இன்னும் ஓரடி கிட்டத்தில் போட்டுக்கொண்டேன்.